பதினோராம் நிமிடத்துப் பிழை

வத்தேகம
14.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு தடவை போன் எடுத்தேன். ஐந்தாவது தடவை நிரோஷாதான் எடுத்தாள். "அம்மா போனைத் தொடுறதே இல்ல அத்தை. மேசையில கிடந்தாக்கூட துணியைப் போட்டு மூடிடுறாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். அவள் வேலை செய்யும் துணிக்கடை கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் போய் அவள் கையில் கொடுத்துவிடுவேன். பதில் எழுத மனம் வந்தால் நீங்களும் அவளிடமே கொடுங்கள்.

போன சனிக்கு முந்திய சனிக்கிழமை போன வருடம் நாம் எடுத்த குறும்படத்தைக் கண்டியில் போட்டுக் காட்டினார்கள். உங்களிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அவர் பிணமாக நடித்துப் படுத்துக் கிடக்கும் படத்தை, அவர் மேல் விழுந்து நீங்கள் ஒப்பாரி வைக்கும் படத்தை, முன்பின் தெரியாத அறுபது பேர் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. வேறு எந்தக் காரணம் சொன்னாலும் அது பொய்.

அந்தப் படக் கழகத்தை நடத்துபவர் ரஸீன் என்பவர். அலவத்துகொடக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்தால் யாரும் கைதட்டக் கூடாது. ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பார். பார்த்தவர்கள் மனதில் பட்டதைப் பெயர் போடாமல் எழுத வேண்டும். படம் எடுத்தவர் ஒவ்வொரு துண்டுக்கும் தன் கையெழுத்தில் பதில் எழுதி, அடுத்த கூட்டத்தில் பலகையில் குத்திவைக்க வேண்டும். "பாராட்டை வீட்டுக்குக் கொண்டு போங்க டீச்சர். குறைக்கு மட்டும் இங்க பதில் சொல்லிட்டுப் போங்க" என்று சிரித்தார்.

நாற்பத்து மூன்று துண்டுகள் வந்தன. புருஷன் குளவி கொட்டிச் சாகும் இடத்தில் குளவியே தெரியவில்லை என்று ஒருவர். சத்தம் சரியில்லை, காற்று இரைகிறது என்று நாலைந்து பேர். புருஷன் செத்த மறுவாரமே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் அவள் பெயரைக் கூப்பிடுவதோடு படத்தை முடித்தது நன்றாக இருந்தது என்று சிலர். மற்ற எல்லாவற்றிலும் நீங்கள்தான் இருந்தீர்கள் அண்ணி. "அந்த அம்மாவை எங்கே பிடித்தீர்கள்?" "இது நடிப்பு என்றால் நம்ப முடியவில்லை." "எனக்கு என் வாப்பா மவுத்தான நாள் ஞாபகம் வந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு குறும்பட விழா நடக்கிறது. அதற்கு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதிக்குள் இறுதிப் பிரதியை அனுப்ப வேண்டும். நீங்கள் சரி என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன். இந்தத் தடவை கேட்கிறேன்.

உங்கள்
ஞானேஸ்வரி


ஹந்தானை
21.07.2024

ஞானத்துக்கு,

நான் எட்டாம் வகுப்பு. எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். பிழை இருந்தா உன் சிவப்புப் பேனாவை எடுக்காத.

நீ கேட்டது இப்ப. நான் சொன்னது போன வருசம் ஆகஸ்ட் மாசம். அது உனக்கு ஞாபகம் இருக்கா? நாங்க குடியிருக்குற காம்பறாவுல வேணாம், கேதம் இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது, பிரட்டுக் களத்துல வச்சுக்குவோம், இல்லாட்டி பிள்ளைங்களை விட்டுட்டு வேலைக்குப் போற பிள்ளை மடுவத்துல வச்சுக்குவோம்னு உன் கையைப் புடிச்சுச் சொன்னேன். நீ என்ன சொன்ன? "அண்ணி, காம்பறாவுக்கு முன்னால இஸ்தோப்புல வெளிச்சம் நல்லா விழுது"ன்னு சொன்ன.

பொணமாப் படுக்க வரேன்னு சொன்ன ஆளு காலையில வரல. அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னுகிட்டு விடல. அவ படிக்காதவ. அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒங்கண்ணன்தான் தலையைச் சொறிஞ்சுகிட்டு, "நான் படுக்குறேன் தங்கச்சி. ஞாயித்துக்கிழமை படுத்துக் கிடந்தா என்னைய ஏசாத ஒரே நாளு இதுதான்"னு வந்து படுத்தாரு. நானும் சிரிச்சேன். என் மேலயும் தப்பு இருக்கு. இல்லைன்னு சொல்லல.

அன்னைக்கு லயத்து வீடுகள்ல பாதிப் பேரு வேலி ஓரமா நின்னு நான் பாடினதைப் பாத்தாங்க. மாசி மாசம் அவரு தண்ணி புடிக்கிற பீலிக்கரையில விழுந்தாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கொண்டாந்து அதே இஸ்தோப்புல கிடத்தினாங்க. எனக்கு வாய் வரல. ஒரு சொல்லு வரல. கண்ணுல தண்ணியும் வரல. நீ பாத்துகிட்டுத்தான் இருந்த.

உனக்கு அங்க துண்டு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு இங்க வாயாலயே குடுக்குறாங்க. பீலிக்கரையில ஜெயராணி சொல்றா, "போனுக்கு முன்னால மாரடிச்சு அழுதவ, புருசனுக்கு ஒரு மூச்சு விடலையே"ன்னு. கொழுந்து நிறுக்குற இடத்துல இன்னொருத்தி, "உயிரோட இருக்கும்போதே பாடி அனுப்பிட்டா, அப்புறம் எதுக்குப் பாடுவா"ன்னு சொல்றா. என் காது கேக்கத்தான் சொல்றாங்க. நான் கூடையைத் தூக்கிகிட்டு அடுத்த நிரைக்குப் போயிருவேன்.

உன் துண்டுல எத்தனை பேரு நல்ல நடிப்புன்னு எழுதினாங்க? எண்ணி வச்சுக்க. ஜெயராணியும் அதையேதான் சொல்றா.

அந்த ஒப்பாரியை வெட்டிப் போடு. எல்லா இடத்துலயும் வெட்டு. என் மூஞ்சியும் வேணாம், என் சத்தமும் வேணாம். யாழ்ப்பாணத்துக்கு நீ எதையாவது அனுப்பிக்க.

நிரோஷாகிட்ட குடுத்துவிட்ட சேலையைத் திருப்பி அனுப்பியிருக்கேன். எனக்கு இந்த வருசம் சேலை எதுக்கு.

அங்கம்மா


வத்தேகம
28.07.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியைப் படிக்காமலே பத்தாம் வகுப்புக்குப் போய், நாற்பது நிமிடம் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. சேலைப் பொட்டலம் மேசைக்கு அடியில் இருந்தது.

நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கேதமில்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். தெரிந்தே செய்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள் இதற்கெல்லாம் பயப்படுவதா என்று எனக்குள் ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். அவளை அங்கே படிக்க அனுப்ப அண்ணன் பதினாறு வயதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார் என்பதை அவள் அந்த நேரம் நினைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனை இஸ்தோப்பில் கிடத்திய அன்று நான் வாசற்படியில் ஏறினேன். அவர் கால் என் பக்கம், தலை சுவர்ப் பக்கம். அந்த ஒரு நொடியில், அழுகை வருவதற்கு முன்னால், "நான் போனை வைத்த இடம் இதுதான்" என்று என் மனதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன். அந்த நொடியை என்னால் வெட்டி எறிய முடியவில்லை.

நீங்கள் சொன்னபடி வெட்டிவிடலாம் என்று அன்றே உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் துண்டுகளுக்குப் பதில் எழுதி முடிப்போம் என்று எடுத்தேன். முப்பத்தெட்டுக்கு எழுதிவிட்டேன். குளவியைக் காட்டப் பணமும் இல்லை, தைரியமும் இல்லை என்று எழுதினேன். ஹந்தானையில் காற்று அப்படித்தான் இரையும் என்று எழுதினேன். ஒரு துண்டில் நின்றுவிட்டேன். அதை அப்படியே எழுதுகிறேன்:

"பதினோராம் நிமிடம்: பிணத்தின் கண்ணோரம் ஈரம். வயிறும் அசைகிறது. பெரிய பிழை. இயக்குநர் கவனிக்கவில்லையா?"

நான் கவனிக்கவில்லை அண்ணி. எடுக்கும்போது போனின் சின்னத் திரையில் உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டி ஒட்டும்போதும் உங்களையே பார்த்தேன். மண்டபத்திலோ கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ஆகவே பள்ளிக்கூடத்துப் பெரிய திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். நீங்கள் தகரத்தைப் பற்றிப் பாடும் இடம்.

தகரம் ஒழுகுதுன்னு தட்டு வச்சேன் கட்டிலடி
நாளைக்கு அடைப்பேன்னு நாளெல்லாம் சொன்னவரே
நாளைக்கு வந்திருச்சு, நீங்க மட்டும் வரலையே

அந்த மூன்றாவது வரியில் அவர் கண்ணோரம் மினுங்குகிறது. ஒரு சொட்டு காது வரைக்கும் ஓடுகிறது. வயிறு விம்முகிறது.

அவர் அழுதிருக்கிறார் அண்ணி. உங்கள் ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்து அழுதிருக்கிறார். செத்துப்போன யாருக்கும் தனக்காகப் பாடுகிற ஒப்பாரி காதில் விழாது. அவருக்கு விழுந்திருக்கிறது. மாசியில் நீங்கள் பாடவில்லை என்று ஊர் பேசலாம். ஆனால் நீங்கள் பாடியதை அவர் கேட்டுவிட்டுத்தான் போனார். இது எனக்கு இந்த ஐந்து மாதத்தில் கிடைத்த ஒரே ஆறுதல். உங்களுக்கும் அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெட்டச் சொன்னால் வெட்டுகிறேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஞானேஸ்வரி


ஹந்தானை
03.08.2024

ஞானத்துக்கு,

நாளைக்கு ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம் புடிக்கிற முதல் வருசம்னு நிரோஷா கடையில லீவு கேட்டிருக்கா. அரைநாள்தான் தருவாங்களாம். நான் வாழைக்காயும் பூசணிக்காயும் வாங்கி வச்சிருக்கேன். அவருக்குப் பூசணிக்காய் புடிக்காது. இருந்தாலும் வைக்கணும்னு சொல்றாங்க.

நீ எழுதினதை நிரோஷா வாசிச்சுக் காட்டினா. உன் எழுத்து கூட்டெழுத்தா இருக்கு, எனக்குப் புரியல. கண்ணுல தண்ணின்னு வந்த இடத்துல அவ நிறுத்திட்டா. மீதியை மறுநாள்தான் வாசிச்சா.

நீ படிச்சவ. உனக்கு எல்லாத்துலயும் ஒரு அர்த்தம் கிடைச்சிரும். ஆறுதலும் கிடைச்சிரும். எனக்கு ராத்திரி சோறு பொங்கினா இப்பவும் மூணு பேருக்குப் பொங்குது. உன் ஆறுதலை வச்சு அந்தச் சோத்தை என்ன செய்யலாம்னு எழுது.

நான் பாக்க மாட்டேன். வெட்டிரு.

எந்தக் கண்ணு?

அங்கம்மா


வத்தேகம
11.08.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இடது கண்.

ஏன் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

வெட்டிவிட்டேன். பத்தொன்பது நிமிடப் படம் இப்போது பதினைந்தரை நிமிடம். மலையில் குளவி கொட்டுகிறது, தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அடுத்து பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். நடுவில் ஒன்றுமில்லை. உங்கள் முகத்துக்குப் பதிலாகக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்கிறது. ரஸீனிடம் காட்டினேன். மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்னா டீச்சர், படத்துக்கு நாக்க அறுத்துட்டு வந்திக்கிறீங்க" என்றார். காரணம் சொன்னேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அப்ப அறுத்தது சரிதான். அல்லாஹ் ஒங்கட நானாக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றார். அவர்கள் அண்ணனை நானா என்பார்கள்.

துண்டுகளைப் பலகையில் குத்தியாகிவிட்டது. நாற்பத்திரண்டுக்குப் பதில் இருக்கிறது. பதினோராம் நிமிடத்துக்கு மட்டும் வெறும் காகிதத்தைக் குத்திவைத்தேன். அந்த இடமே படத்தில் இல்லாதபோது என்ன பதில் எழுதுவது?

அண்ணி, நான் ஒன்று கேட்கலாமா? கோபப்படுங்கள், பரவாயில்லை. மாசியிலிருந்து இன்றுவரை அண்ணனைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதி அன்றுகூட நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், நீங்கள் அடுத்த அறையில் இருந்தீர்கள். நான் படம் எடுத்தவள்தான். தப்புச் செய்தவள்தான். ஆனால் எனக்கும் அவர் போய்விட்டார். எனக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவர். அவர் சாப்பிடும்போது வெங்காயத்தைப் பொறுக்கி வைப்பது, செருப்பை வாசலில் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே கழற்றி எறிவது, இதையெல்லாம் யாரிடம் சொல்வேன்? வத்தேகமவில் யாருக்கும் அவரைத் தெரியாது. சந்தைக்குப் போனால் அனுதாபம் சொல்கிறார்கள். "உங்க அண்ணன் எங்க வேலை செஞ்சாரு?" என்று கேட்கிறார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அவர் அழுதார் என்று நான் எழுதியது உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள். எனக்கு அதை எழுத ஆள் வேறு இல்லை.

வெட்டிய துண்டை அழிக்க என் விரல் போகவில்லை. அதை நிரோஷாவின் போனுக்கு அனுப்பிவிட்டு என்னிடமிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அழிக்கவேண்டும் என்றால் அவளிடம் சொல்லுங்கள், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

பெரஹரா ஊர்வலம் தொடங்கிவிட்டதால் கண்டிப் பக்கம் பஸ் ஓடுவது பாடாய் இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வரப் பிந்தலாம்.

ஞானேஸ்வரி


ஹந்தானை
25.08.2024

ஞானத்துக்கு,

பெரஹரா முடியிற வரைக்கும் நிரோஷாவுக்கு லீவு இல்ல. ஒரே சனமாம், நின்னுகிட்டே சோறு தின்னாளாம். நேத்துத்தான் பகல்ல வீட்டுல இருந்தா. மேல மூடியிருந்த துணியை எடுத்துட்டு அவ போனை என் கையில குடுன்னு கேட்டேன். பயந்துட்டா. "அழிக்கணுமாம்மா?"ன்னு கேட்டா. "போடு, பாப்போம்"னு சொன்னேன்.

மூணு தரம் பாத்தேன்.

முதல் தரம் என்னையத்தான் பாத்தேன். வெக்கமா இருந்துச்சு. கொண்டை அவுந்து, வாயைத் திறந்துகிட்டு, பேய் மாதிரி இருக்கேன். நல்லா நடிச்சிருக்கேன்னு எழுதினவங்களுக்குக் கண்ணு பழுதுன்னு நினைச்சேன். ரெண்டாம் தரம் எங்க சுவரைப் பாத்தேன், கயித்துல காயுற அவரு சட்டையைப் பாத்தேன். மூணாம் தரம் நிரோஷாவை வெளியில போய் விறகு எடுத்துட்டு வரச் சொல்லிட்டு, அவரைப் பாத்தேன்.

ஞானம், அது அழுகை இல்ல.

எந்தக் கண்ணுன்னு நான் கேட்டதே அதுக்குத்தான். நீ தங்கச்சி, உனக்குத் தெரியாது. இருபத்தி நாலு வருசம் பக்கத்துல படுத்தவளுக்குத்தான் தெரியும். அவருக்கு அழுகை வந்தா ரெண்டு கண்ணும் சிவக்கும், தண்ணி வராது. நிரோஷாவைக் கடையில கொண்டுபோய் விட்டுட்டு வந்த அன்னைக்குப் பாத்திருக்கேன். சிரிப்பை அடக்கினாத்தான் இடது கண்ணுல தண்ணி வரும். அதுக்கப்புறம் வயிறு குலுங்கும். எங்க கல்யாணத்துல ஐயர் மந்திரத்தை மறந்துட்டு முழிச்சாரு பாரு, அப்பவும் அப்படித்தான். எங்க அம்மா, "மாப்பிள்ளை அழுவுறாரு, இளகின மனசு"ன்னு ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்சாங்க. நாங்க ரெண்டு பேரும் அவங்களுக்குக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

நீ படம் எடுக்கப் போனைச் சரியா நிறுத்தி வச்சுகிட்டு இருந்த நேரத்துல அவரு கண்ணை மூடிகிட்டே எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "இந்தா அங்கம்மா, என்னத்தையும் பாடு, தகரத்தை மட்டும் இழுக்காத, எனக்குச் சிரிப்பு வந்துரும்"னு சொன்னாரு. சித்திரையிலேருந்து அந்தத் தகரத்தை அடைக்கச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு எனக்கு. விடுவேனா? வேணும்னேதான் இழுத்தேன். நாளைக்கு நாளைக்குன்னு அவரு சொல்ற மாதிரியே இழுத்தேன். நீ பாத்த தண்ணி அதுதான். உன் மண்டபத்துல அறுபது பேரு அழுதப்ப அவரு உதட்டைக் கடிச்சுகிட்டு சிரிச்சுகிட்டு இருந்திருக்காரு.

உன் ஆறுதலைக் கெடுத்துட்டேன். கோவிச்சுக்காத. ஆனா உனக்குப் பொய்யா ஒண்ணு இருக்கிறதை விட இது இருக்கட்டும்.

நான் ஏன் அழலைன்னு உன்கிட்ட சொல்றேன். வேற யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நிரோஷாகிட்டயும் சொல்லல. இந்தக் கடுதாசியை ஒட்டித்தான் குடுத்துவிடுறேன்.

மாசியில அவரைக் கொண்டாந்து கிடத்தினப்ப அதே இஸ்தோப்பு. அதே மாதிரி வெள்ளை வேட்டி. மூக்குல பஞ்சு. நீங்கள்லாம் விழுந்து விழுந்து அழுதீங்க. நான் அவரு வயித்தையே பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். இப்ப குலுங்கும், இப்ப குலுங்கும்னு. யாரோ என் தோளைப் புடிச்சு உலுக்கி, "பாடுடி, பாடி அழுதுரு"ன்னு சொன்னாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. தகரத்துலேருந்துதான் வந்துச்சு, வேற எதுவும் வரல. நான் அதைப் பாடி, அவரு சிரிக்காமக் கிடந்துட்டாருன்னா? அதுக்கப்புறம் நான் என்ன செய்வேன்? அந்தப் பயத்துல வாயை மூடிக்கிட்டேன். பெட்டியை மூடுற வரைக்கும் மூடிக்கிட்டேன். மலைக்குத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் பாட ஆளு இல்ல.

இதை ஜெயராணிகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா சிரிப்பா. இல்லாட்டி எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு சொல்லுவா. அதனால இங்க இருக்கவங்களுக்கு நான் அழாதவளாவே இருந்துட்டுப் போறேன்.

வெட்டினதைத் திருப்பி ஒட்டிரு. நிரோஷா இன்னைக்கே உனக்கு அனுப்புவா. முப்பத்தொண்ணுக்கு இன்னும் நாள் இருக்கு. யாழ்ப்பாணத்துல அழுறவங்க அழட்டும். ஆனா தோட்டத்துக்குக் கொண்டாந்து போடாத. எந்த வருசமும் போடாத. அது நீ எனக்குக் குடுக்குற வாக்கு.

அந்தத் துண்டுக்கும் பதில் எழுது. வெறுங்காகிதம் குத்தி வைக்கிறது மரியாதை இல்ல. அந்த ஆளு எல்லாரையும் விடக் கவனமாப் பாத்திருக்காரு. நீ பாக்கல, நானும் பாக்கல, அவரு பாத்திருக்காரு. பார்த்தது சரிதான், வயிறு அசைஞ்சது நெசம்தான்னு எழுது. ஏன்னு எழுதாத.

வெங்காயம் பொறுக்குறதை நீ எழுதியிருந்த. அவரு பொறுக்கி என் தட்டுல வைப்பாரு. எனக்கும் வெங்காயம் புடிக்காது. இருபத்தி நாலு வருசமாத் தின்னேன், சொல்லல. இப்ப கறிக்கு வெங்காயம் போடுறதில்ல.

நீ வரட்டுமான்னு நிரோஷாகிட்ட கேட்டியாம். இப்ப வராத. எனக்கு உன் மேல கோபம் இல்ல, இருந்தது தீந்துருச்சு. உன் மூக்கும் அவரு மூக்கும் ஒண்ணு. நீ வாசல்ல வந்து நின்னா நான் முதல்ல அதைத்தான் பாப்பேன். அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்.

எழுது. கூட்டெழுத்து வேணாம், பிரிச்சு எழுது. நானே வாசிச்சுக்கிறேன்.

அங்கம்மா